எழுதுங்கள், பிறகு கணக்குக் கேளுங்கள்

சென்ற இதழில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசாங்கங்கள் கொடுக்கும் பணத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மக்கள் கேட்காமல் அந்தப் பணம் அதிகமாகாது என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசை நிறைய. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று பாதிப் பேர். எதற்காகக் கேட்க வேண்டும் என்று சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். பலர் தங்கள் வீட்டு நோயைப் பற்றி எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. வரிசையும் படுத்தவில்லை, கைக்கு வந்தபடி எடுத்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். பெரிய மனிதர் யாரையும் தெரியாது. நான் எழுதும் ஒரு கடிதம் என்ன செய்துவிடும் சார்?

பதில்: ஒரு கடிதம் ஒன்றும் செய்யாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் இன்னும் பல்லாயிரம் பேரும் அதே வாரத்தில் எழுதிவிட்டால் கதை வேறு. கேள்வி பதில் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1971இல் அமெரிக்காவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை ஒதுக்கும் மசோதா ஒன்று செனட்டின் முன்னால் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மேரி லாஸ்கர் என்ற பெண்மணி. அவர் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. 1969 டிசம்பரில் அவருடைய குழு பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, 'திரு. நிக்சன், உங்களால் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும்' என்று அதிபரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டது. அப்படியும் மசோதா எளிதில் நகர்வதாக இல்லை. லாஸ்கருக்கு ஒரு தோழி, ஆன் லேண்டர்ஸ் என்ற புனைபெயரில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர். காதல் தோல்வி, புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார் தொல்லை, இதெல்லாம்தான் அந்தப் பத்தியின் அன்றாட விஷயம். 1971 ஏப்ரலில் ஒரு நாள் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த மசோதாவை ஆதரிக்கச் சொல்லி உங்கள் செனட்டருக்கு எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான், கடிதங்கள் லட்சக்கணக்கில் கொட்டின. பிரித்து அடுக்கிச் சலித்துப்போன செயலாளர் ஒருவர், ஆன் லேண்டர்ஸைப் பதவி நீக்கம் செய்யுங்கள் என்று அட்டையில் எழுதித் தன் மேசையில் மாட்டிவிட்டாராம். அந்த வருஷம் டிசம்பர் 23 அன்று நிக்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

லாஸ்கர் பணக்காரர், பெரிய இடங்களில் பழக்கம் உள்ளவர் என்பதை மறைக்க வேண்டாம். எந்தக் கதவு, எந்த நேரத்தில் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கடிதம் எழுதியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அவர்களுக்கு ஒரு பெயருள்ள மசோதா இருந்தது, அனுப்ப ஒரு முகவரி இருந்தது, ஓட்டெடுப்புக்கு முன்னால் நேரமும் இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் 'புற்றுநோயை ஒழியுங்கள்' என்று எத்தனை லட்சம் பேர் எழுதியிருந்தாலும் அது குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும்.

கேள்வி: மருந்துக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்கென்று கோடி கோடியாகக் கொட்டுகின்றன, கோடி கோடியாகச் சம்பாதிக்கவும் செய்கின்றன. இதில் என் வரிப்பணம் வேறு எதற்கு? (தொழில் நடத்தும் வாசகர், கோபமாக.)

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டு இடங்களில் கம்பெனி வராது. ஒன்று, ஆரம்பம். 1965இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், மின்புலத்தில் வைத்தால் பாக்டீரியா எப்படிப் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரிவதை நிறுத்திவிட்டு நீள நீளமாக வளர்ந்தது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையில் இருந்த பிளாட்டினம் கரைந்து உண்டான ஒரு சேர்மம். அதுதான் சிஸ்பிளாட்டின், 1978இல் மருந்தாக அனுமதி பெற்று, விரைப் புற்றுநோய்க்காரர்கள் பலரைப் பிழைக்க வைத்த மருந்து. பாக்டீரியாவுக்கு மின்சாரம் காட்டுகிறேன் என்று வருகிறவருக்கு எந்த வியாபாரி பணம் கொடுப்பார், நீங்களே சொல்லுங்கள். டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். 1962இல் அமெரிக்க அரசுத் திட்டத்தின் கீழ் காட்டு மரங்களிலிருந்து பட்டை சேகரித்தபோது கிடைத்த பொருள், 1992இல்தான் மருந்தாக அனுமதி வாங்கியது. முப்பது வருஷம் காத்திருக்கிற பொறுமை பங்குதாரர்களுக்குக் கிடையாது.

இரண்டாவது இடத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. மருந்து வேண்டாம் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையில், ஆரம்ப நிலையில் இருக்கும் பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவையா, ஹார்மோன் மாத்திரை மட்டும் போதுமா என்று பார்க்க 10,273 பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில் நடந்தது, பெயர் டெய்லர்எக்ஸ். 2018இல் முடிவு வந்தது: நோய் திரும்பும் வாய்ப்பை மதிப்பெண்ணாகச் சொல்லும் மரபணுச் சோதனையில் நடுத்தர மதிப்பெண் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கீமோ தேவையில்லை. எத்தனை பேருடைய தலைமுடி, எத்தனை பேருடைய வாந்தி, எத்தனை மாதச் சம்பள இழப்பு! இதைக் கண்டுபிடித்து யார் எதை விற்பது? கம்பெனிகளை நான் திட்டவில்லை. விற்கச் சரக்கே இல்லாத இடத்தில் கடை போட வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தலையெழுத்து.

இந்த ஆய்வுக்குப் போன பணத்தில் ஒரு பகுதி தபால்தலை விற்று வந்தது என்பது உபரித் தகவல். சாதாரணக் கடிதத்துக்கு 32 சென்ட் என்று இருந்த காலத்தில், 40 சென்ட் கொடுத்து வாங்கும் ஒரு தபால்தலையை 1998இல் வெளியிட்டார்கள். ஓர் அறுவை மருத்துவர் விடாமல் நடையாய் நடந்து சாதித்த காரியம் அது.

கேள்வி: பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினத்தன்று ரிப்பன் குத்திக்கொண்டு ஊர்வலம் போனோம். இதனால் நிதி கூடுமா?

பதில்: கூடாது. ஊர்வலம் போனதில் தப்பில்லை, வந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்தீர்களா? அதுதான் சொத்து. பட்ஜெட் எப்போது தாக்கலாகிறது என்று பாருங்கள், அதற்குப் பல மாதங்கள் முன்னாலேயே சுகாதாரத் துறையும் அறிவியல் துறையும் அடுத்த வருஷத் தேவையை எழுதி நிதித் துறைக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் அந்தப் பெயர்களை எல்லாம் கூப்பிடுங்கள். தாக்கலான மறுநாள் கேட்பது ரயில் போன பிறகு டிக்கெட் வாங்குவது மாதிரி.

கேள்வி: எழுதத் தயார். யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது? ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தால் எங்கள் குடியிருப்பில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர்.)

பதில்: ஐயா, மாதிரிக் கடிதம் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அலுவலகத்தில் அதை ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிடுவார்கள். கையெழுத்து மாறியிருக்கும், விஷயம் ஒன்றுதானே. நூறு பேர் சொந்த வாக்கியத்தில் நாலு வரி எழுதினால் நூறையும் யாராவது பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

நானே இதில் அடிபட்டவன்தான். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வந்த சமயம், ஆவேசமாக நாலு பக்கம் எழுதி அனுப்பினேன், நோயின் வரலாறு, அரசின் அலட்சியம், நடுவில் ஒரு குறள் எல்லாம் சேர்த்து. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று ஒரு வரி பதில் வந்தது. பல வருஷம் கழித்து, அப்படிப்பட்ட அலுவலகம் ஒன்றில் தபால் பிரிக்கும் வேலை பார்த்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். 'என்ன வேண்டும் என்று எத்தனையாவது பக்கத்தில் எழுதியிருந்தீர்கள்?' என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நாலாவது பக்கத்திலும் அது இல்லை. கோபம் இருந்தது, கோரிக்கை இல்லை.

எனவே முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று எழுதிவிடுங்கள். 'ஆராய்ச்சிக்கு அதிகப் பணம்' என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் ஒன்றும் செய்யவும் மாட்டார்கள். பிடித்து நிறுத்துகிற மாதிரி கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பொது ஆராய்ச்சி நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒதுக்கீடு விலைவாசி ஏறிய அளவுக்காவது ஏற வேண்டும் என்று கேட்கலாம். காப்புரிமை முடிந்த பழைய மருந்துகளைச் சோதிக்கத் தனியாக ஒரு நிதி வேண்டும் என்று கேட்கலாம். புற்றுநோய்ப் பதிவேடு உங்கள் பகுதிக்கும் வர வேண்டும் என்று கேட்கலாம், இது பற்றிப் பின்னால் சொல்கிறேன். எதுவானாலும் ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை.

அடுத்து, அது ஏன் உங்களுக்கு முக்கியம் என்று மூன்று வரி. அப்பாவுக்கு என்ன ஆயிற்று, எந்த இடத்தில் டாக்டர் கையை விரித்தார், அவ்வளவு போதும். அதற்கு அடுத்து ஒரே ஒரு எண். 2022இல் உலகத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, 97 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொல்லும் கணக்கு. உங்கள் நாட்டுக் கணக்கு கிடைத்தால் அதைப் போடுங்கள். பத்து எண் போட்டால் ஒன்றும் நிற்காது. கடைசியில் ஒரு கேள்வி: 'இதைப் பற்றி அவையில் எழுத்து மூலம் கேள்வி எழுப்புவீர்களா?' ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. பாராட்டு எதிர்பார்க்கிற கடிதத்துக்கும் பதில் எதிர்பார்க்கிற கடிதத்துக்கும் வித்தியாசம் அங்கேதான்.

யாருக்கு என்றால், உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குத்தான் முதலில். எடுத்த எடுப்பில் பிரதமருக்கு எழுதுவதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உங்கள் ஓட்டு தேவைப்படுகிறவருக்குத்தான் உங்கள் கடிதமும் தேவைப்படும். அப்புறம் சுகாதாரம், அறிவியல், நிதி பார்க்கும் அவைக் குழுக்களில் யார் யார் உறுப்பினர் என்று பாருங்கள், அந்தப் பட்டியல் பல நாடுகளில் பொதுவில் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பிரதிநிதியைப் போய்ப் பார்த்தோம். உட்கார வைத்தார், தலையாட்டினார், சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் ஆகிறது, ஒன்றும் நடக்கவில்லை. இனி என்ன?

பதில்: இனிதான் வேலையே. பிரிட்டனில் மூளைப் புற்றுநோய்க்காரர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அங்கே இணையத்தில் அரசுக்கு மனுப் போடலாம். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் அரசு பதில் சொல்ல வேண்டும், ஒரு லட்சம் தாண்டினால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். சகோதரனை மூளைக்கட்டிக்குப் பறிகொடுத்த ஒரு பெண், அந்த நோயின் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு 2015இல் மனுப் போட்டார். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றத்தின் மனுக் குழு விசாரணை நடத்தி 2016இல் அறிக்கையே கொடுத்தது. 2018இல், முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் தனக்கே அந்த நோய் வந்த நிலையில் பிரபுக்கள் சபையில் எழுந்து பேசினார், சில மாதங்களில் இறந்தும் போனார். அரசு 4 கோடி பவுண்டு அறிவித்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று கணக்கெடுத்துப் பார்த்தபோது, அறிவித்த தொகையில் பாதிகூட ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. யாரும் திருடவில்லை. நிதிக்கு வந்த விண்ணப்பங்களில் தேர்வானவை குறைவு, அந்தத் துறையில் ஆய்வாளர்களே குறைவு, வருஷக்கணக்கில் பணமில்லாத துறைக்கு இளைஞர்கள் எப்படி வருவார்கள்? பணத்தை அறிவித்தால் மட்டும் ஆகாது, ஆளை உருவாக்க வேண்டும், பணம் போகும் வழியையும் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டதால்தான் வெளியே வந்தது.

ஆகவே, உங்கள் பிரதிநிதியிடம் மறுபடி போங்கள், இந்த முறை போட்டோ வேண்டாம். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு, எத்தனை விண்ணப்பம் வந்து எத்தனை தேர்வாயிற்று, இந்த மூன்றையும் அவையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு இதில் ஒரு செலவும் இல்லை, கட்சியோடு மோதலும் இல்லை, எனவே சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அவர் கேட்காவிட்டால் நீங்களே கேட்கலாம். தகவல் அறியும் சட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு உள்ளூர் நிருபரிடம் போங்கள். ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்பது எந்த ஊரிலும் செய்திதான்.

கேள்வி: அம்மாவுக்கு வந்திருப்பது ரொம்ப அபூர்வமான வகை. அந்த ஒரு வகைக்கு மட்டும் நிதி கேட்டால் சுயநலமாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. அம்மாவுக்காகக் கேட்காமல் யாருக்காகக் கேட்பீர்கள்? அமெரிக்காவில் 1991இல் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, அந்த வருஷம் நோய் வரும் பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் 1,75,000 கடிதம் திரட்டக் கிளம்பினார்கள். கிடைத்தது 6,00,000. சுகாதார பட்ஜெட்டில் இடமில்லை என்று கைவிரித்தபோது, ராணுவ பட்ஜெட்டில் இடம் இருக்கிறதே என்று அங்கிருந்து 1992இல் 21 கோடி டாலர் வாங்கினார்கள். இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அபூர்வ வகைக்கு ஆறு லட்சம் கடிதம் திரளாது, ஆறாயிரம் திரளுவதே கஷ்டம். மற்ற அபூர்வ வகைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு 'அபூர்வப் புற்றுநோய்கள்' என்று ஒரே குரலாகக் கேளுங்கள். ஒன்றுக்காகச் செய்த ஆராய்ச்சி இன்னொன்றுக்கு உதவுவதும் உண்டு. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960இல் கண்டார்கள். அதைப் பின்தொடர்ந்து 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அடுத்த வருஷமே வயிற்றில் வரும் வேறொரு அபூர்வக் கட்டிக்கும் அதே மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது.

எந்த நோய் என்பதோடு எந்த மாதிரி ஆராய்ச்சி என்பதையும் பாருங்கள். 2016 முதல் 2020 வரை உலகம் முழுக்க அரசுகளும் அறக்கட்டளைகளும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்த ஏறத்தாழ 2,450 கோடி டாலரை ஒரு குழு அலசிப் பார்த்தது. அறுவை சிகிச்சை ஆராய்ச்சிக்குப் போனது 1.4 சதவீதம், கதிர்வீச்சுக்கு 2.8 சதவீதம். கட்டி வந்தவர்களில் எத்தனை பேர் ஆபரேஷனால் பிழைக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இது விசித்திரமான பங்கீடு.

கேள்வி: ஆஸ்பத்திரியில் படுக்கையே கிடைக்கவில்லை, இதில் ஆராய்ச்சி ஓர் ஆடம்பரம். இருக்கிற சிகிச்சையை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள் முதலில்.

பதில்: எழுதுகிறேன், இரண்டையும் எழுதுகிறேன். ஆனால் ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் கோடி ரூபாய் இயந்திரமும் மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி நடத்திய ஆய்வு ஒன்று. நீர்த்த வினிகரைக் கருப்பை வாயில் தடவிவிட்டு நிறம் மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பதுதான் பரிசோதனை. செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, சில வாரங்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஆய்வில் ஏறத்தாழ 1,50,000 பெண்கள், அவர்களில் பாதிப் பேருக்குத்தான் இந்தப் பரிசோதனை, மீதிப் பேர் ஒப்பீட்டுக்கு. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், பரிசோதனை செய்துகொண்ட பக்கத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் சாவது 31 சதவீதம் குறைந்திருந்தது. பணம் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினுடையது. ஒப்பீட்டுக்காக வைத்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவில்லையே என்று கண்டனமும் எழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். பொதுப்பணத்தில் நடப்பதால்தான் அப்படிக் கேள்வி கேட்கவும் முடிகிறது.

படுக்கை எத்தனை வேண்டும் என்று தெரிவதற்கே ஓர் ஆராய்ச்சி வேண்டும், அதுதான் நான் முன்னால் சொன்ன பதிவேடு. ஒரு பகுதியில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய், எத்தனை பேர் எத்தனை வருஷம் பிழைத்தார்கள் என்று விடாமல் குறித்து வைப்பது. டென்மார்க் 1942இலிருந்து நாடு முழுவதற்கும் இதைச் செய்கிறது. மற்ற ஆராய்ச்சிகளோடு பார்த்தால் செலவு குறைவு, கவர்ச்சி அதைவிடக் குறைவு, திறப்பு விழாவும் நடத்த முடியாது, அதனால்தான் கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

கேள்வி: 'பத்தே ஆண்டுகளில் புற்றுநோயை ஒழிப்போம்' என்று எங்கள் கல்லூரி இயக்கத்துக்கு முழக்கம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மேலே சொன்ன லாஸ்கர் குழுவின் விளம்பரம், நாட்டின் 200ஆவது பிறந்தநாளுக்குள், அதாவது 1976க்குள், புற்றுநோயை வெல்லலாமே என்று கேட்டது. 1976 வந்தது, போனது. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்ற இளக்காரத்தை விஞ்ஞானிகள் அப்புறம் வெகு காலம் கேட்க வேண்டியிருந்தது. புற்றுநோய் ஒரு நோயும் இல்லை, நூற்றுக்கு மேற்பட்ட நோய்கள்.

நடந்ததைச் சொன்னாலே போதுமான எழுச்சி இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவுக்கு 1948 வரை மருந்து என்றே ஒன்று கிடையாது. அந்த வருஷம் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்தார், 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்து எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு ஒரு கம்பெனி ஆய்வகத்தில் செய்து கொடுத்தது (கோபக்கார வாசகர் கவனிக்க, கம்பெனிக்கும் இதில் பங்குண்டு). தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், பெரும்பாலும் பொதுப்பணத்தில், ஆய்வுக்கு மேல் ஆய்வாக மருந்துகளைச் சேர்த்தும் கழித்தும் பார்த்து, இன்று வசதியான நாடுகளில் அந்த நோய் வரும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். முழக்கம் வேண்டுமானால் இதிலிருந்து எடுங்கள்.

கேள்வி: அரசைக் கெஞ்சுவதை விட நாமே நன்கொடை கொடுத்துவிடலாமே?

பதில்: கொடுங்கள். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று, அடுத்த வருஷம் 22 வயதில் இறந்தார். அதற்குள் சேர்ந்த பணம் 2.4 கோடி டாலர், அன்றைய கனடாவின் மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர். பிரமாதம். ஆனால் ஒரு பெரிய சிகிச்சை ஆய்வு பத்துப் பதினைந்து வருஷம் ஓட வேண்டும், நன்கொடையோ மனசைப் பொறுத்து ஏறும் இறங்கும். இன்னொன்று, அரசிடம் கேட்பது கெஞ்சுவது ஆகாது. அது நம் பணம்.

கேள்வி: விஞ்ஞானம் தெரியாதவர்கள், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்கார முடியுமா?

பதில்: உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே சொன்ன ராணுவ பட்ஜெட் திட்டத்தில், 1990களிலிருந்து நோயை அனுபவித்தவர்களும் விஞ்ஞானிகளோடு சமமாக உட்கார்ந்து விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி, நோயாளிகளையும் பார்த்துக்கொள்பவர்களையும் மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, இந்த நோயில் முதலில் பதில் தேவைப்படும் பத்துக் கேள்விகள் எவை என்று பட்டியல் போட வைக்கிறது. நோயாளிகள் கேட்பது பெரும்பாலும் ஆய்வாளர்களுக்குத் தோன்றாதவை, ஓயாத அசதிக்கு என்ன செய்வது என்பது போல. உங்கள் நாட்டில் இப்படி இடம் இல்லையென்றால், அதையே உங்கள் கோரிக்கையாக வைக்கலாம்.

கேள்வி: எனக்கு நாலாம் கட்டம். இந்த ஆராய்ச்சி எதுவும் எனக்குப் பயன்படாது என்று எனக்குத் தெரியும். நானும் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை அம்மா. உங்கள் நாள் உங்களுடையது, அதைத் தபாலுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. எழுதத் தோன்றினால் நீங்களே உட்கார்ந்து எழுதவும் வேண்டாம், சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதிக்கொள்ளட்டும். எந்தச் சிகிச்சை உதவியது, எது வெறும் தொல்லை, டாக்டர் எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது என்றார், இது போதும். உங்கள் பெயரையும் போட்டோவையும் எதில் போடலாம், எதில் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். உருக்கமான கதை என்றால் எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், கேட்காமலேயே.

கேள்வி: கையால் எழுதுவதா, தட்டச்சா, மின்னஞ்சலா?

பதில்: எதுவானாலும் சரி, ஒரு பக்கத்துக்குள். உங்கள் வீட்டு முகவரியை மேலே எழுதுங்கள், தொகுதிக்காரர்தானா என்று முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் அலுவலகத்துக்குப் போன் செய்து, எந்தத் தேதியில் அனுப்பியது என்று அந்த நகலைப் பார்த்துச் சொல்லுங்கள்.